வயிற்றைத் திறவாமல் குடற்கட்டி களைதல்

முன்னுரை

நோய் முற்றியபின் மருந்து தேடி அலைவது உலக இயல்பு. அது நோயாகத் திரள்வதற்கு முன்பே முளையைக் கண்டு களைவது அறிவின் பயன். பெருங்குடலில் தோன்றும் புற்றுநோயைப் பொறுத்தவரை, இப்பயனை மனிதன் அடைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் அச்செய்தி நம் மக்களைச் சென்று சேர்ந்ததா என்னும் வினாவுக்கு, இல்லை என்றே விடை கூற வேண்டியுள்ளது.

மலத்தோடு குருதி வந்தால் அது மூலமே என்று தாமே முடிவு செய்துகொள்வது நம்மவர் வழக்கம். பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணமாகும்’ என்று ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரங்கள் இவ்வழக்கத்தின் நிழலிலேயே வாழ்கின்றன. பெரும்பாலோர்க்கு அது மூலமாகவே இருக்கலாம், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சிய சிலருக்கு, குடலின் உட்சுவரில் முளைத்த சதை வளர்ச்சி அக்குருதிக்குக் காரணமாகலாம். அதனைக் காலத்தில் கண்டால் வயிற்றில் கத்தி படாமலே நீக்கலாம். காணாது விட்டால் அது புற்றாகவும் மாறலாம். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது அறியாமையும் நாணமுமே.

மருத்துவம் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் ஆற்றிய அப்பணியைத் தமிழ் கற்பிக்கும் நாம் சிறிதளவேனும் தொடர்வது கடமையேயன்றி மிகையன்று.

பாலிப் என்பது யாது?

நம் பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுடைய குழாய். வலப்புற அடிவயிற்றில் தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாக இறங்கி, மலக்குடலாய் முடிகிறது. இதன் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. அச்சவ்வின் உயிரணுக்கள் ஓயாது தேய்ந்து, ஓயாது புதுப்பிக்கப்படுபவை. இப்புதுப்பித்தலில் ஒழுங்கு தவறும்போது ஓரிடத்தில் சவ்வு மிகுதியாக வளர்ந்து மேடாகிறது. இம்மேட்டையே மருத்துவர் ‘பாலிப்’ என்பர். மக்கள் ‘குடலில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பர். பாலிப் என்பது ‘பல காலுடையது’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

இவற்றின் அளவும் வடிவும் பலவாகும். சேலத்து மக்களுக்கு நன்கு தெரிந்த ஜவ்வரிசி மணியளவில் இருப்பனவே மிகுதி. கொண்டைக்கடலை அளவிலும் நெல்லிக்காய் அளவிலும் வளர்வனவும் உள. சில, காளானைப் போலக் காம்பில் நிற்கும். சில, காம்பின்றிச் சுவரோடு சுவராக அமர்ந்திருக்கும். வேறு சில, ஈரத் தரையில் பாசி படர்ந்தாற்போலத் தட்டையாகப் பரவிக் கிடக்கும்.

எல்லாப் பாலிப்புகளும் தீயவை அல்ல. ‘அடினோமா’ எனப்படும் வகையும், வாளின் பற்களைப் போன்ற அமைப்புடைய மற்றொரு வகையுமே புற்றாக மாறும் இயல்புடையவை. அவற்றுள்ளும் மிகச் சிலவே அவ்வாறு மாறுகின்றன; அம்மாற்றத்துக்கும் பெரும்பாலும் பத்தாண்டுகள் அளவில் ஆகின்றன. இந்நீண்ட இடைவெளியே மருத்துவத்துக்குக் கிடைத்துள்ள பெருவாய்ப்பு. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய பாலிப்புகளை நீக்கிக்கொண்டோரிடம் குடற்புற்று தோன்றுவது, எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட நூற்றுக்கு 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2012இல் வெளிவந்த ஆய்வு, குடற்புற்றால் நேரும் இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை உறுதிசெய்தது.

குழந்தைகளிடம் காணப்படும் பாலிப் வேறு வகையினது. சிறுவர்க்கு வலியின்றி மலத்தில் குருதி வருவதற்கு நம் நாட்டில் பெரிதும் காரணமாவது இதுவே. தனியொன்றாக இருப்பின் இது புற்றாக மாறுவது மிக அரிது. நீக்கிவிட்டால் குருதிப்போக்கு நின்றுவிடும். ஆதலின் குழந்தைக்குச் சூடு பிடித்துவிட்டது என்று கூறி மாதக்கணக்கில் காலம் கடத்துவது தகாது.

ஒளியிழையின் கதை

வளைந்து நெளிந்து செல்லும் குடலுக்குள் பார்ப்பது எவ்வாறு? ஒளி நேர்க்கோட்டில் செல்வது; குடலோ எங்கும் நேராக இல்லாதது. இம்முரண்பாட்டைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஓர் இந்தியர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. பஞ்சாபின் மோகா நகரில் 1926இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்சுடன் இணைந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நூல்களின் கற்றை வழியே உருவத்தை வளைத்துக் கொண்டுசெல்ல முடியும் என்று காட்டினார். அவ்வாய்வு 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 2020இல் மறைந்த கபானிக்கு 2021இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இவ்விழையைக் கொண்டு 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்சும் அவர்தம் குழுவினரும் வளையும் இரைப்பை உள்நோக்கியை உருவாக்கினர். அடுத்து அது நீண்டு, பெருங்குடலை நோக்கும் ‘கொலனோஸ்கோப்’ ஆயிற்று. 1980களுக்குப்பின் அதன் நுனியிலேயே நுண்ணிய ஒளிப்படக் கருவி அமைந்தது; இன்று மருத்துவர் காண்பது தொலைக்காட்சித் திரையில் ஒளிரும் உருவத்தை.

பார்ப்பதோடு நில்லாமல் நீக்கவும் முடியும் என்பதை மெய்ப்பித்தவர்கள், நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய இருவர். 1969இல் உள்நோக்கியின் துளை வழியே ஒரு கம்பிக் கண்ணியைச் செலுத்தி, பாலிப்பின் காம்பைச் சுருக்கிட்டு, மின்சூட்டால் அறுத்தனர். சுருக்கிட்டு நீக்கும் எண்ணம் பழமையானதே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவ மேதை அல்-ஸஹ்ராவி, மூக்கினுள் வளரும் சதையை முடிச்சிட்ட நூலால் அறுக்கும் முறையைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் எழுதியுள்ளார். நூல் கம்பியாயிற்று, மூக்கு குடலாயிற்று. கைவினையின் கருத்து மட்டும் தொடர்ந்து வந்துள்ளது.

எளியனவும் அரியனவும்

சிறு பாலிப்பையும் காம்புள்ள பாலிப்பையும் நீக்குவது இன்று சில நிமிடப் பணி. சிக்கல் எழுவது அரியவற்றில்தான். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தட்டையாகப் பரந்தவை, குடல் மடிப்பின் பின்னே மறைந்தவை, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வாயிலிலோ குடல்வாலின் துளையிலோ அமைந்தவை, ஆசனவாயை ஒட்டியவை, முன்னர் ஒருமுறை நீக்க முயன்று பாதியில் விடப்பட்டவை ஆகியன இவ்வகையில் அடங்கும். அளவு, வடிவம், இடம், எட்டும் தன்மை என்னும் நான்கையும் கூட்டி மதிப்பெண் இட்டு, இக்கடினத்தை மருத்துவர் அளக்கின்றனர்.

கடினத்துக்கு அடிப்படைக் காரணம் குடற்சுவரின் மென்மையே. அச்சுவரின் கனம் சில மில்லிமீட்டர்தான். வலப்புறத் தொடக்கப் பகுதியில் அஃது இன்னும் மெல்லியது. மேற்சவ்வில் உள்ள பாலிப்பைச் சூட்டால் அறுக்கும்போது அடியிலுள்ள தசை சுட்டுவிட்டால் துளை விழும். குடலின் அழுக்கு வயிற்றறைக்குள் பரவும். இவ்வச்சத்தால்தான் பெரிய பாலிப் என்றாலே வயிற்றைத் திறந்து குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தல் நெடுங்காலம் நெறியாக இருந்தது. ஒரு தளிரை நீக்கக் கிளையை வெட்டுவது போன்ற செயல் இது.

நீர்மெத்தையும் கம்பிக் கண்ணியும்

இவ்விடரைக் கடக்க மருத்துவர் கண்ட வழி மிக எளிய ஒரு கருத்தின் மேல் அமைந்தது. குடற்சுவர் பல அடுக்குகளால் ஆனது. மேற்சவ்வுக்கும் தசைக்கும் இடையே தளர்ந்த ஓர் அடுக்கு உள்ளது. அவ்வடுக்கில் நுண்ணிய ஊசியால் உப்புநீர் போன்ற திரவத்தைச் செலுத்தினால், ஈரம் புகுந்த சுவரில் சுண்ணப்பூச்சு எழும்புவது போலப் பாலிப் மேலே எழும்பும். அதற்கும் தசைக்கும் இடையே ஒரு நீர்மெத்தை உண்டாகும். அத்திரவத்தில் நீலச்சாயம் கலந்திருப்பர். மெத்தையின் எல்லை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக. பின் கம்பிக் கண்ணியை இட்டுச் சுருக்கி, மின்சூட்டால் அறுப்பர். பெருங்குடலில் இம்முறை 1973இலேயே விளக்கப்பட்டுவிட்டது.

இரண்டு சென்டிமீட்டர் வரையுள்ளதை ஒரே துண்டாகப் பெரும்பாலும் எடுக்கலாம். பெரியதைத் துண்டு துண்டாக, இடைவெளி விடாமல், ஓரம் முதல் ஓரம் வரை எடுக்க வேண்டும். சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு செய்வோர் நுண்கம்பியையும் சூட்டையும் ஆளும் பொறுமை நாமறிந்ததே. அத்தகைய பொறுமையை, கண்ணுக்கு நேரே இல்லாத பொருளின் மீது, நெளியும் குழாயின் மறுமுனையில் காட்ட வேண்டியதே மருத்துவரின் பணி.

துண்டு துண்டாக எடுப்பதில் ஒரு குறை உண்டு. ஓரத்தில் கண்ணுக்குப் புலப்படாத எச்சம் நின்றுவிட்டால் பாலிப் மீண்டும் வளரும். இதற்கும் வழி காணப்பட்டது. எடுத்தபின் புண்ணின் விளிம்பு முழுவதையும் கண்ணியின் நுனியால் மெல்லச் சுட்டுவிடுவதே அது. ஆஸ்திரேலிய மருத்துவர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு சுடாதவரிடம் நூற்றுக்கு 21 பேருக்கு மீண்டும் வளர்ந்தது. சுட்டவரிடம் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கே வளர்ந்தது. சிறிய செயல் பெரிய பயன் தருவதற்கு இஃது ஒரு நற்சான்று.

மேலும் நுண்ணிய முறை ஒன்றை ஜப்பானிய மருத்துவர்கள் 1990களில் முதலில் இரைப்பையில் கையாண்டு, பின்னர்ப் பெருங்குடலுக்கும் கொணர்ந்தனர். கண்ணிக்கு மாறாக ஊசிமுனை போன்ற மின்கத்தியால், பாலிப்பைச் சுற்றிக் கோடு கீறி, அடியடுக்கை இழையிழையாக அறுத்து, எவ்வளவு பெரியதாயினும் ஒரே துண்டாக எடுப்பது இம்முறை. ஒரே துண்டாகக் கிடைப்பதால் நோய்க்கூறு ஆய்வு துல்லியமாகும். மீண்டும் வளர்வதும் மிகக் குறைவு. ஆனால் இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். துளை விழும் இடரும் மிகுதி. நெடுநாள் பயிற்சியும் வேண்டும். ஆதலின் உள்ளே புற்று தொடங்கியிருக்கலாம் என்று ஐயுறத்தக்க பாலிப்புகளுக்கும், தழும்பால் ஒட்டிப்போனவற்றுக்கும் இதனைத் தேர்கின்றனர்.

கிள்ளிப் பார்ப்பதால் வரும் கேடு

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தியைச் சற்று அழுத்தமாகக் கூறுவோம். நீர்மெத்தை எழும்ப வேண்டுமெனில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். தட்டையான பாலிப்பைப் பல இடங்களில் கிள்ளி ஆய்வுக்கு அனுப்பினாலோ, பாதியளவு அறுத்துவிட்டு நிறுத்தினாலோ, அவ்விடம் ஆறும்போது தழும்பு உண்டாகும். பசையிட்டு ஒட்டிய தாளின் கீழ் நீரைச் செலுத்த முடியாததைப் போல, தழும்புள்ள இடத்தில் மெத்தை எழாது. எளிதாக முடிந்திருக்க வேண்டிய செயல் அரிய செயலாகிவிடும்.

எனவே அரிய பாலிப்பைக் கண்ட மருத்துவர் செய்யத்தக்க சிறந்த செயல், தம்மால் முழுமையாக முடிக்க இயலாதெனில் அதனைத் தொடாமல் விடுவதே. தெளிவான படங்களை எடுத்து, இருக்குமிடத்தைக் குறித்து, தேர்ந்த மையத்துக்கு அனுப்புவதே நெறி. அவ்வாறு அனுப்பும் மருத்துவரை ‘இவருக்குத் தெரியவில்லை’ என்று நோயாளியின் குடும்பத்தார் தாழ்வாக எண்ணுதல் கூடாது. தம் எல்லையை அறிந்தவரே நம்பத்தக்கவர்.

இரு தலைவர்கள், இரு காலங்கள்

1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகனுக்குக் குடல் உள்நோக்கு ஆய்வு நடைபெற்றது. பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் பெரிய பாலிப் ஒன்று தென்பட்டது. உள்நோக்கி வழியே அதனை நீக்க இயலாதென்று கருதி, மறுநாள் ஜூலை 13ஆம் நாள் வயிற்றைத் திறந்து, ஏறத்தாழ இரண்டடி நீளக் குடலை அகற்றினர். அதுவரை துணைத் தலைவர் ஜார்ஜ் புஷ் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பொறுப்பை ஏற்றிருந்தார். அகற்றிய பாலிப்பினுள் புற்று இருந்தது ஆய்வில் தெரிந்தது. ரீகன் அதிலிருந்து மீண்டு, 2004 வரை வாழ்ந்தார்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜோ பைடனுக்கு அதே ஆய்வு நடந்தது. மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பாலிப் ஒன்று அப்போதே நீக்கப்பட்டது. கமலா ஹாரிஸ் பொறுப்பில் இருந்தது 85 நிமிடங்களே. எட்டு மணி நேரத்துக்கும் 85 நிமிடத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு, பாலிப் சிறிதாயிருக்கும்போதே காண்பதன் நன்மையைச் சுருக்கமாக உணர்த்துகிறது.

அறுவையா, உள்நோக்கியா?

ரீகன் வரலாறு மற்றோர் உண்மையையும் கற்பிக்கிறது. உள்ளே புற்று ஆழ இறங்கியிருந்தால் அறுவையே ஏற்றது. ஆகவே முதல் வினா, ‘இதனை எடுக்க முடியுமா?’ என்பதன்று, ‘இது தீங்கற்றதா?’ என்பதே. பாலிப்பின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளின் அமைப்பையும் குருதி நாளங்களின் ஒழுங்கையும் சிறப்பு ஒளியில் உருப்பெருக்கிப் பார்த்து, தேர்ந்த மருத்துவர் இதனைப் பெருமளவு உய்த்துணர்கின்றனர்.

தீங்கற்றது என்று தெளிந்தபின் அறுவைக்குச் செல்வதில் இழப்பு மிகுதி. அமெரிக்காவில் புற்றில்லாப் பாலிப்புக்காகக் குடல் அறுவை செய்துகொண்ட 12,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 14 பேருக்குப் பெருந்தொல்லைகள் நேர்ந்தன. ஆயிரத்துக்கு ஏழு பேர் முப்பது நாள்களுக்குள் இறந்தனர். சிலர் வயிற்றில் பை பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தேர்ந்தோர் கையில் உள்நோக்கி முறையில் பெரிய பாலிப்பை நீக்கிக்கொண்டோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அறுவையைத் தவிர்க்கின்றனர்.

உள்நோக்கி முறையிலும் இடர் இல்லாமல் இல்லை. பெரிய பாலிப்பை எடுத்தோருள் நூற்றுக்குச் சிலருக்கு இரண்டு வாரங்களுக்குள் குருதி கசியலாம்; அதனினும் குறைவானோர்க்குத் துளை விழலாம். இன்று இவற்றுள் பலவற்றை நுண்ணிய கவ்விகளை உள்ளே இட்டு அப்போதே மூடிவிடுகின்றனர். மூட இயலாத சிலருக்கே அவசர அறுவை வேண்டியிருக்கும்.

சேலத்தார் கருத வேண்டியவை

நம் நாட்டின் அரசு பரவலாக நடத்தும் புற்றுநோய்க் கண்டறிதல் பணி வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே தழுவியது. பெருங்குடல் அதில் இடம்பெறவில்லை. ஆதலின் விழிப்பு நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். மலத்தில் குருதி, நெடுநாள் மாறிய மலப்போக்கு, காரணம் தெரியாத சோகை, உடல் மெலிவு ஆகியன தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும். தாய் தந்தையர்க்கோ உடன்பிறந்தார்க்கோ குடற்புற்று இருந்திருப்பின், எத்தொல்லையும் இல்லாவிடினும் நாற்பது வயதளவில் ஆய்வு செய்துகொள்வது நன்று.

முதல் ஆய்வுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அரிய பாலிப் எனின், சூரமங்கலத்தில் உள்ள சேலம் சந்திப்பிலிருந்து நேரே தொடர்வண்டி செல்லும் வழிகளிலேயே பெரிய மையங்கள் உள்ளன. காட்பாடியில் இறங்கினால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, மேற்கே கோவை, கிழக்கே சென்னை. ஹைதராபாத்தில் நாகேஸ்வர ரெட்டி நிறுவிய ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் உலகளவில் பெயர் பெற்றது. அவருக்கு 2025இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே கேட்டறிவது நலம்.

ஆய்வுக்கு முதல் நாள் குடலைத் தூய்மை செய்யும் மருந்துநீரைச் சொன்ன அளவு குடித்தே ஆகவேண்டும். அரைகுறையாய்க் குடித்தால் பாலிப் மறைந்துவிடும். ஆஸ்பிரின் முதலிய குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளையும் நீரிழிவு மருந்துகளையும் உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது. பெரிய பாலிப்பை எடுத்தபின் இரண்டு வாரங்கள் நெடும்பயணம் தவிர்த்து, மருத்துவமனையை எளிதில் அடையும் தொலைவில் இருப்பது நன்று. குருதிப்போக்கு, கடும் வயிற்று வலி, காய்ச்சல் கண்டால் நள்ளிரவாயினும் விரைய வேண்டும். துண்டு துண்டாக எடுத்தவர் ஆறு மாதம் அளவில் மறு ஆய்வுக்குக் கட்டாயம் செல்ல வேண்டும். ‘குணமாகிவிட்டதே, இனி எதற்கு?’ என்று அதைத் தவிர்ப்பவர், முன்செய்த முயற்சி முழுவதையும் வீணாக்குபவர் ஆவார்.

நிறைவுரை

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை நாடி, பிழையாமல் செய்ய வேண்டும் என்பதே ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வரிசை. மருத்துவம் நோயாளியையும் உடனிருப்போரையும் சேர்த்தே அமைவது என்பதும் அவர் கருத்து. நம் வீடுகளில் முதியோர் பலர், சிறப்பாக மகளிர், குருதி கண்டதை மகனிடமும் மருமகளிடமும் கூற நாணி ஆண்டுகள் பல மறைத்து வைக்கின்றனர். அந்நாணத்தை நீக்குவது மருத்துவரின் கருவியால் ஆகாது. அன்போடு கேட்கும் பிள்ளைகளால்தான் ஆகும்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் இன்றிரவே தம் இல்லத்துப் பெரியோரிடம் அருகமர்ந்து, “வயிற்றுக்கு ஏதேனும் தொல்லை உண்டா?” என்று ஒருமுறை கேட்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.